அகின்ஃபென்வா நிஜமாகவே நல்ல ஃபார்வர்டா, இல்லை உடம்பால் பெயர் வாங்கியவரா?

கேள்வி இதுதான்: ஃபீஃபா வீடியோ கேமில் உடல் வலு என்ற கட்டத்தில் வருஷா வருஷம் முதலிடத்தில் நின்ற அடெபாயோ அகின்ஃபென்வா, களத்தில் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? பிரீமியர் லீகில் ஒரு நிமிடம்கூட ஆடாத ஒருவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நல்ல ஃபார்வர்ட். சந்தேகமே வேண்டாம். தன் மட்டத்தில், தன் வேலையில், மிக நல்ல ஃபார்வர்ட். 200 கோலுக்கு மேல் அடித்தவர். 40 வயது வரை ஆடியவர். விக்கம் வாண்டரர்ஸ் கிளப்பின் லீக் வரலாற்றிலேயே அதிக கோல் அவருடையதுதான். ஆனால் வீடியோ கேம் வழியாக அவரைத் தெரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணையும் ‘மிருகம்’ என்ற பட்டப்பெயரையும் மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் ஆட்டத்தைப் பல வருஷம் பின்தொடர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அவர் ஆடிய உலகம். இங்கிலாந்தில் தொழில்முறை லீக் நான்கு அடுக்கு. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. அடுக்குக்கு 24 வீதம் 72 அணிகள். லீக் ஒன் என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது மூன்றாவது அடுக்கு. அகின்ஃபென்வாவின் வாழ்க்கை கிட்டத்தட்ட முழுவதும் மூன்றாவது, நான்காவது அடுக்குகளில்தான். அங்கே ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டம். சனிக்கிழமை ஒன்று, பல வாரங்களில் செவ்வாய்க்கிழமை இரவு இன்னொன்று. ஒப்பந்தம் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். மே மாதம் வந்தால் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் போடும். விடப்பட்டவர் ஜூன் கடைசிக்குள் அடுத்த வேலை பார்க்க வேண்டும். டிவியில் நாம் பார்க்கும் கால்பந்துக்கும் இதற்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இந்த அடுக்குகளிலிருந்து மேலே போனவர்கள் கதை நிறையப் பேருக்குத் தெரியும். ரிக்கி லாம்பர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் 1982இல் பிறந்தவர், அகின்ஃபென்வாவைவிட மூன்று மாதம் மூத்தவர். ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ் லீகில் கிடந்து, சவுதாம்ப்டனோடு மேலே ஏறி, 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து சட்டையில் களமிறங்கிய கையோடு தலையால் முட்டி கோல் அடித்தார். அந்த வாரம் அகின்ஃபென்வா மூன்றாவது அடுக்கில் ஜில்லிங்கம் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அதே வயது, அதே வேலை. லாம்பர்ட்டுக்குக் கிடைத்த ஏணி நூறில் ஒருவருக்குக் கிடைப்பது. மற்றவர்கள் அங்கேயே ஆடி, அங்கேயே குடும்பம் நடத்தி, அங்கேயே ஓய்வு பெறுகிறார்கள். அகின்ஃபென்வா அந்தப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

லண்டன் இஸ்லிங்டனில் 1982 மே 10இல் பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். லண்டன்காரராக இருந்தும் சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் ரசிகர். ஜான் பார்ன்ஸ் என்றால் உயிர். வாட்ஃபோர்டின் இளைஞர் அணியில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே நிலைக்கவில்லை. அடுத்து அவர் போன இடம்தான் யாரும் எதிர்பார்க்காதது: லிதுவேனியா. பால்டிக் கடற்கரையில் கிளைபெடா என்ற துறைமுக ஊர், அட்லாண்டாஸ் என்ற அணி. வயது 18.

அந்த ஊரில் அவர் நிறத்தில் ஆள் கிடையாது. களத்தில் கால் வைத்ததுமே நிறவெறிக் கோஷம். எதிரணி ரசிகர்கள் மட்டுமல்ல, சொந்த அணியின் ரசிகர்களிலும் சிலர். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்ததைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வந்தால் வா, ஆனால் அவர்கள் ஜெயித்ததாக ஆகிவிடும். இருந்து ஆடிக் காட்டுவதா என்பதை நீயே முடிவு செய் என்கிற மாதிரி அண்ணன் சொன்னாராம். இருந்தார். 2001 லிதுவேனியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அட்லாண்டாஸுக்கு வெற்றி கோல் அடித்தவர் அவர்தான். 19 வயதுப் பையன், தன்னைத் திட்டிய ஊருக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தான். பிற்காலத்தில் இங்கிலாந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் அவர் உடம்பைக் கிண்டலடித்துப் பாடும்போது அவர் சிரித்துக்கொண்டே நிற்பார். பலர் அதை அவருடைய ஜாலியான சுபாவம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கிளைபெடாதான் ஞாபகம் வரும். அதைவிட மோசமானதை அவர் 18 வயதிலேயே கேட்டுவிட்டார்.

2003இல் வேல்ஸுக்கு வந்து பாரி டவுன் அணியில் சேர்ந்தார். அந்த சீசனில் அவர்கள் வேல்ஸ் லீகையும் வேல்ஸ் கோப்பையையும் ஜெயித்தார்கள். சந்தோஷம் நீடிக்கவில்லை, கிளப் கடனில் மூழ்கியது. அப்புறம் 2003-04 சீசனில் மனிதர் நிஜமாகவே பந்தாடப்பட்டார். பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ். ஒரே சீசனில் நான்கு கிளப். பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த ஊர். 21 வயதில் இப்படி நான்கு வாசல் ஏறி இறங்கிய எத்தனையோ பையன்கள் அதோடு வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள்.

அவரைக் காப்பாற்றியது டார்க்கி யுனைடெட். தென்மேற்குக் கடலோரத்தில் சின்ன கிளப். 2004-05இல் மூன்றாவது அடுக்கில் 14 லீக் கோல் அடித்தார். அணி என்னவோ கீழே இறங்கியது, ஆனால் அவர் பெயர் வெளியே வந்தது. 2005 கோடையில் ஸ்வான்சி சிட்டி அவரை வாங்கியது.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அவர் செய்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் அவரை மதிப்பிட முடியாது.

அவர் உயரம் 180 சென்டிமீட்டர் சொச்சம், ஆறடிக்குச் சற்றுக் குறைவு. எடை 100 கிலோவுக்கு மேல். உயரமான ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழ் லீக் டிஃபெண்டர்கள் பலர் அவரைவிட உயரம். அதனால் தலைக்கு மேலே எம்பி ஜெயிக்கும் ஆட்டம் அவருடையது அல்ல. அவருடைய இடம் நெஞ்சுயரம்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜனவரி மாதம், புல் பாதி சேறு. தரையில் பாஸ் செய்து பந்தை மேலே கொண்டுபோவது கஷ்டம். கோல்கீப்பர் ஐம்பது அறுபது மீட்டர் தூரத்துக்கு ஓங்கி உதைக்கிறார். பந்து வானத்திலிருந்து இறங்குகிறது. அகின்ஃபென்வா எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் டிஃபெண்டர் அட்டை மாதிரி ஒட்டியிருக்கிறார். பந்து இன்னும் மேலே இருக்கும்போதே அகின்ஃபென்வாவின் ஒரு கை லேசாகப் பின்னால் போகும். தள்ளுவதற்கு அல்ல, ஆள் இடது பக்கம் இருக்கிறானா, வலது பக்கமா, சாய்ந்து வருகிறானா என்று தடவிப் பார்ப்பதற்கு. அப்புறம் முழங்கால் மடங்கும், இடுப்பு தாழும், கால் அகலும். அவ்வளவுதான், அந்த இடம் அவருடையது. டிஃபெண்டர் சுற்றி வந்து பந்தைத் தட்ட வேண்டுமென்றால் முழு வட்டம் அடிக்க வேண்டும். பந்து நெஞ்சில் விழுந்து காலடிக்கு இறங்கும். ஒரே தொடலில் ஓடி வரும் மிட்ஃபீல்டருக்குப் போகும். உடனே இவர் திரும்பி பெனால்டி கட்டத்துக்குள் நடக்க ஆரம்பிப்பார்.

பந்து வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். ஜிம்மில் எடை தூக்கும் பலசாலிகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களை அங்கே நிறுத்தினால் பத்தில் எட்டு பந்து பறிபோகும். பலம் எவ்வளவு என்பதோடு, அதை எந்த நொடியில், எந்தப் பக்கம் போடுவது என்பதும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கில் அவர் கில்லாடி. நெஞ்சிலிருந்தும் காலிலிருந்தும் அவர் தட்டிக் கொடுக்கும் பாஸ் அத்தனை மென்மையாக இருக்கும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அப்படி ஒரு பதமான தொடல் இருந்ததுதான் என்னை முதலில் இழுத்தது.

கார்னரில் வேறு வேலை. கோல்கீப்பருக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். சும்மா நின்றாலே போதும், கோல்கீப்பருக்குப் பந்தும் தெரியாது, வெளியே வர வழியும் இருக்காது. பெனால்டியும் நன்றாக அடிப்பார். ரெஃப்ரி விஷயத்தில் மட்டும் அவருக்கு அநியாயம் நடந்தது என்பது என் எண்ணம். சின்ன ஆளை யாராவது சட்டையைப் பிடித்து இழுத்தால் உடனே விழுவான், விசில் வரும். இவரை இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலும் விழ மாட்டார், அதனால் விசிலும் வராது.

குறை இல்லையா? இருக்கிறது. வேகம் கிடையாது. எதிரணி டிஃபெண்டர்களைத் துரத்திப் பந்தைப் பிடுங்கும் இன்றைய பாணி ஆட்டம் அவரால் ஆகாது. அவரை வைத்து ஆட வேண்டுமென்றால் அணியே அவரைச் சுற்றி அமைய வேண்டும். பக்கத்தில் ஓடுவதற்குச் சளைக்காத இரண்டு பேர் வேண்டும். எல்லா மேனேஜரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். கால்பந்து ஆட உனக்கு உடம்பு ரொம்பப் பெரிது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் அவர். பெரிய கிளப்புகள் அவரைத் தொடாததற்குக் காரணம் இதுதான். அது முழுக்க அவர்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, ஸ்வான்சிக்கு வருவோம். 2005 ஆகஸ்டில் அவர்கள் புது லிபர்ட்டி ஸ்டேடியத்துக்குக் குடிபோனார்கள். அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்தில் டிரான்மியருக்கு எதிராக கோல் அடித்தவர் புதிதாக வந்த அகின்ஃபென்வா. 2006 ஏப்ரலில் கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் கார்லைல் அணியை 2-1 என்று வீழ்த்தி கீழ் அடுக்கு அணிகளுக்கான ஃபுட்பால் லீக் டிராஃபியை ஜெயித்தார்கள். முதல் கோல் லீ டிரண்டில், வெற்றி கோல் இவர். அடுத்த மாதமே அதே மைதானத்தில், மேல் அடுக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், பார்ன்ஸ்லியுடன். ஜெயித்தால் சாம்பியன்ஷிப். ஆட்டம் 2-2, பெனால்டிக்குப் போனது. ஸ்வான்சி 3-4 என்று தோற்றது. தவறவிட்ட இருவரில் ஒருவர் அகின்ஃபென்வா. அந்த சாம்பியன்ஷிப் வாசல் அவருக்கு மறுபடி திறக்க 14 வருஷம் ஆயிற்று.

2007இல் கால் எலும்பு முறிந்தது. ஸ்வான்சியில் கதை முடிந்தது. ஸ்வான்சி அதற்கடுத்து கிடுகிடுவென்று ஏறி 2011இல் பிரீமியர் லீகுக்கே போய்விட்டது. இவர் எதிர்த்திசையில். மில்வாலில் சில ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. 2008 ஜனவரியில் நார்தாம்ப்டன் டவுன் கூப்பிட்டது. அங்கிருந்து ஜில்லிங்கம், மறுபடி நார்தாம்ப்டன், மறுபடி ஜில்லிங்கம். இந்த ஆறு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். பெரிய நிகழ்ச்சி என்று சொல்ல 2013 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பிராட்ஃபோர்டிடம் நார்தாம்ப்டன் 0-3 என்று நொறுங்கிய பிளே-ஆஃப் இறுதி ஆட்டம் ஒன்றுதான். ஆனால் வருஷா வருஷம் கோல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கிளப் விட்டவரை அதே கிளப் திரும்பக் கூப்பிடுவது, அதுவும் இரண்டு கிளப்புகள் அப்படிச் செய்வது, சும்மா நடக்காது. டிரெஸ்ஸிங் ரூமில் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2014இல் ஏஎஃப்சி விம்பிள்டன். இந்தக் கிளப்பைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 2002இல் பழைய விம்பிள்டன் அணி சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கிளப்பையே தூக்கிக்கொண்டு போக அனுமதி கிடைத்தது. ஊரில் மிஞ்சிய ரசிகர்கள் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, ஒன்பதாவது அடுக்கிலிருந்து ஏறி, 2011இல் லீக் டூவுக்கு வந்து சேர்ந்தார்கள். மைதானம் கிங்ஸ்மெடோ, ஐயாயிரம் பேர்கூட கொள்ளாது.

அந்தச் சின்ன மைதானத்துக்கு 2015 ஜனவரி 5 அன்று, எல்லா அடுக்கு அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையின் மூன்றாவது சுற்றில் லிவர்பூல் வந்தது. சில நாள் முன்புதான் லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட் அந்த சீசனோடு கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்திருந்தார். ஜெரார்டே முதல் கோல் அடித்தார். முதல் பாதியிலேயே ஒரு கார்னர். லிவர்பூல் கோல்கீப்பர் மிஞ்ஞோலே வெளியே வந்தும் பந்தைப் பிடிக்க முடியவில்லை. கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு. கிடைத்த பந்தை மிகப் பக்கத்திலிருந்து அகின்ஃபென்வா உள்ளே தள்ளினார். 1-1. வாழ்நாள் முழுக்க நேசித்த கிளப்புக்கு எதிராக அடித்த கோல். இரண்டாம் பாதியில் ஜெரார்ட் ஃப்ரீ கிக்கில் அடித்து 2-1 என்று முடித்தார். ஆட்டம் முடிந்ததும் ஜெரார்டின் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் அகின்ஃபென்வா. 32 வயது ஆட்டக்காரர் போல இல்லாமல், பத்து வயதுப் பையன் போல இருந்தது அவர் முகம்.

வீடியோ கேம் புகழும் அந்தச் சமயத்தில்தான் உச்சத்துக்குப் போனது. மிருகம் என்ற பட்டப்பெயரை வைத்தே ‘பீஸ்ட் மோட் ஆன்’ என்று துணிமணி வியாபாரமும் தொடங்கினார். கீழ் லீகில் ஒப்பந்தம் எப்போது தீரும் என்று தெரியாத ஒருவர் தன் பெயரைச் சோறு போடும் தொழிலாக மாற்றிக்கொண்டதில் எனக்கு மரியாதைதான். மற்ற ஆட்டக்காரர்களுக்கு அவர் காட்டிய வழி அது.

இப்போது 2016 மே 30. வெம்ப்ளி. லீக் டூ பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், எதிரே பிளிமத் ஆர்கைல். 78ஆவது நிமிடம் லைல் டெய்லர் கோல் அடித்து விம்பிள்டன் 1-0. இவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். விம்பிள்டனில் அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். காயங்களால் நீண்ட கூடுதல் நேரம். அதில் பதினோராவது நிமிடம், விம்பிள்டனுக்குப் பெனால்டி. வழக்கமாக அடிப்பவர் கேலம் கென்னடி. அகின்ஃபென்வா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விடவில்லை. இந்தக் கிளப்புக்காக என் கடைசி உதை இது, எனக்குக் கொடு என்பதுதான் அவர் நிலை. கொஞ்சம் இழுபறி. கடைசியில் அவரே அடித்தார். உள்ளே. 2-0. பத்து வருஷம் முன்பு கார்டிஃபில் தவறிய பெனால்டியை அறிந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

அந்த வெற்றியோடு விம்பிள்டன் லீக் ஒன்னுக்கு ஏறியது. மில்டன் கீன்ஸ் அணி அதே சீசனில் மேலிருந்து அங்கே இறங்கியது. கிளப்பைப் பறிகொடுத்த ரசிகர்களும், கொண்டுபோன கிளப்பும் 14 வருஷம் கழித்து ஒரே அடுக்கில். அந்தக் கடைசிப் படியில் கோல் அடித்தவர்களில் ஒருவராக இருப்பது பெரிய கொடுப்பினை.

ஆட்டம் முடிந்த கையோடு டிவி மைக்கைப் பிடித்து, இனி எனக்கு வேலை கிடையாது, எந்த மேனேஜராவது வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் பேசுங்கள் என்றார். உலகமே சிரித்தது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. 34 வயது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஜூன் கடைசி நெருங்குகிறது. கீழ் லீக் வாழ்க்கையை அவ்வளவு சுருக்கமாக யாரும் டிவியில் சொன்னதில்லை.

கூப்பிட்டவர் விக்கம் வாண்டரர்ஸ் மேனேஜர் காரத் எய்ன்ஸ்வர்த். ஹை விக்கம் லண்டனுக்கு வடமேற்கே, நாற்காலித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அணியின் செல்லப்பெயரே ‘நாற்காலிப் பையன்கள்’ என்றுதான் அர்த்தம். அப்போது கிளப் ரசிகர்களின் அறக்கட்டளை கையில் இருந்தது, காசு கிடையாது. 2014இல் கடைசி நாளில், கோல் வித்தியாசத்தில் மட்டும், லீகை விட்டே வெளியேறாமல் தப்பிய அணி. எய்ன்ஸ்வர்த் ஒரு காலத்தில் விங்கராக ஆடியவர், நீள முடி, ராக் இசைக்குழுவில் பாடகர். அகின்ஃபென்வாவை வைத்து எப்படி ஆட வேண்டும் என்று முழுதாகப் புரிந்துகொண்ட மேனேஜர் அவர்தான் என்பேன். பந்து சீக்கிரம் முன்னால் போகும், அகின்ஃபென்வா தாங்குவார், மற்றவர்கள் சுற்றி ஓடுவார்கள். ஜோ ஜேக்கப்சனின் இடது கால் கார்னர்களும் ஃப்ரீ கிக்குகளும் கோல் வாசலில் வந்து விழும். பார்க்க அழகாக இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

2017-18இல், 35 வயதில், 17 லீக் கோல். விக்கம் லீக் ஒன்னுக்கு ஏறியது. 2019-20 தொடங்கும்போது அவர்கள்தான் கீழே இறங்குவார்கள் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் இலையுதிர்காலத்தில் பட்டியலில் முதலிடம் வரை போனார்கள். அப்புறம் கொரோனா. சீசன் பாதியில் நின்றது. ஆடிய ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியை வைத்து இடம் நிர்ணயித்தார்கள். எட்டாவது இடத்தில் இருந்த விக்கம் மூன்றாவது இடத்துக்கு வந்து பிளே-ஆஃபில் நுழைந்தது. இது அதிர்ஷ்டம் என்று சிலர் இன்றும் முணுமுணுக்கிறார்கள். மற்ற அணிகளைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருந்தார்கள், சராசரி அவர்களுக்குச் சாதகமானது, அவ்வளவுதான். அரையிறுதியில் ஃப்ளீட்வுட்டை அவர்கள் மைதானத்திலேயே 4-1 என்று அடித்தது சராசரிக் கணக்கு அல்லவே.

2020 ஜூலை 13. ஒரு ஆள்கூட இல்லாத வெம்ப்ளி. ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெடை 2-1 என்று வென்றார்கள். ஸ்டூவர்ட் ஒன்று, ஜேக்கப்சன் பெனால்டியில் ஒன்று. 1887இல் தொடங்கிய கிளப், 133 வருஷத்தில் முதல்முறையாக இரண்டாவது அடுக்குக்குப் போனது. சில வாரங்கள் முன்புதான் லிவர்பூல் 30 வருஷத்துக்குப் பிறகு லீக் ஜெயித்திருந்தது. மறுபடி அதே டிவி மைக். இந்த முறை, வாட்ஸ்அப்பில் என்னிடம் பேச ஒரே ஆளுக்குத்தான் அனுமதி, அது கிளாப், சேர்ந்து கொண்டாடலாம் என்றார். அப்போதைய லிவர்பூல் மேனேஜர் யூர்கன் கிளாப் நிஜமாகவே வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்பினார். அதைப் பார்த்துத் துள்ளியவர், நான்கு வருஷம் முன்பு வேலை கேட்ட அதே மனிதர்தான்.

38 வயதில் சாம்பியன்ஷிப். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். கால் முன்பு போல ஒத்துழைக்கவில்லை. விக்கம் 43 புள்ளி எடுத்தது, தப்பித்த டார்பி 44. ஒரே ஒரு புள்ளியில் கீழே வந்தார்கள். சீசன் தொடங்கும்போது பத்து புள்ளிகூடத் தேறாது என்று சொல்லப்பட்ட அணி அது.

கடைசி சீசன் 2021-22. ஓய்வு பெறப் போவதாக முன்னமே சொல்லிவிட்டார். விக்கம் மறுபடி பிளே-ஆஃப் இறுதி வரை வந்தது. 2022 மே 21, வெம்ப்ளி, எதிரே சண்டர்லண்ட். 40 வயது முடிந்து பதினோரு நாள். காலி மைதானத்தில் கோப்பை தூக்கிய அணிக்கு இந்த முறை 72 ஆயிரம் பேர் கூட்டம். 0-2 என்று தோற்றார்கள்.

வீடியோ தேடிப் பார்க்க வேண்டுமென்றால் கோல் தொகுப்புகளில் ஆரம்பிக்காதீர்கள். லிவர்பூலுடன் நடந்த அந்த 2015 ஆட்டத்தின் முழு வீடியோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விம்பிள்டன் கோல்கீப்பர் ஓங்கி உதைக்கும் ஒவ்வொரு முறையும் பந்தைப் பார்க்காமல், நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் அகின்ஃபென்வாவின் கையை மட்டும் பாருங்கள்.